பின்கதவடியில் எடுத்த படம்

அந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தான், தலைவர் அண்ணை. வேறு ஒருவரும் இல்லை.

மேல்மாடி அலுவலக அறையின் சன்னலில் இருந்து கீழே பார்த்து எடுத்த படம் அது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அந்த அறையின் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் மண்டபத்தின் பின்கதவடியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பினப் பெடியன் தனியாக நிற்கிறான். சாம்பல் நிற ஜம்பர். அதன் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருக்கிறான். இரண்டு கைகளும் ஜம்பரின் பொக்கெற்றுக்குள். அந்தப் படத்துக்குக் கீழே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதினீர்கள்: "நவராத்திரிக்கு நகை போட்டு வாறவை கவனம். இவங்கள் நோட்டம் பார்க்கிறாங்கள்."

அவன் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. மாடியில் இருந்து இறங்கிவரப் பதினைந்து படிகள்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்.

நான் வட லண்டனில், எட்மண்டனில் பஸ் ஓட்டுகிறவள். மண்டபத்தில் பாதிப்பேருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். ஆனால் அந்தப் பெடியனை எனக்கு எப்படித் தெரியும் என்று இவ்வளவு நாளாக ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க எனக்கு விருப்பமில்லை. என் டிப்போவில் என்னோடு வேலை செய்கிற ட்ரைவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாய் தகப்பன் ஜமேக்காவில் இருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது டொட்டன்ஹாமில். என்னைவிட நாலு வயது மூத்தவர். கன்ரீனில் நான் சீனியில்லாத தேத்தண்ணியை மருந்து மாதிரிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் தங்களோடு நடக்க வரச் சொன்னார்.

"ஆர் தாங்கள்?" என்று கேட்டேன்.

"பெடியளும் நானும்."

இப்படித்தான் போனேன். பதினாறு வயதில் இருந்து இருபத்துநாலு வயதுவரை, பத்துப் பன்னிரண்டு பெடியள். எல்லாரும் கறுப்பினப் பெடியள். அவர்களோடு நாலைந்து பெரிய ஆண்கள். ஒருவர் குழாய் வேலை செய்கிறவர், ஒருவர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பெடியள் எல்லாரும் ஏதோ பிழை செய்துவிட்டு வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் நினைப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன். ஒருவன் யூனிவேர்சிற்றியில் கணக்குப் படிக்கிறான். ஒருவனைத் தாய் அனுப்பினாள், வீட்டில் கதைக்கிறானில்லை என்று. ஒருவன் பள்ளிக்கூடத்தால் நிறுத்தப்பட்டவன். சிலர் சும்மா வந்தார்கள். சும்மா வந்து நடக்க ஒரு இடம் அவர்களுக்கு வேறு எங்கேயும் இல்லை.

அந்த நடைக்கு ஒரு முறை இருந்தது. லீ ஆற்றுக் கால்வாய்க் கரையில், இரண்டு இரண்டு பேராக நடக்கவேண்டும். ஒரு பாலத்தில் இருந்து அடுத்த பாலம்வரை ஒரே சோடி. பாலத்தடியில் ஆள் மாறவேண்டும். இரண்டு பாலங்களுக்கு இடையில் கதைத்ததை மூன்றாம் ஆளிடம் சொல்லக்கூடாது. இங்கே எழுதுகிறதை அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கதைக்காமல் நடந்தாலும் பிழையில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் பெடியள் வாயைத் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் நடந்தால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார்கள் என்பது என் டிப்போக்காரர் கண்டுபிடித்த வித்தை. முப்பது வருடம் பஸ் ஓட்டியதில் தெரிந்துகொண்டது என்பார். ட்ரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று சனங்கள் எதையும் சொல்லுவார்களாம்.

அந்த நடைகளை இப்போது நினைத்தால் எனக்கு நாள் கணக்குப் பிடிபடவில்லை. எது முதல் கிழமை, எது பத்தாம் கிழமை என்று தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான சனிக்கிழமையாக இருக்கிறது. கிழமை முழுக்க விடிய நாலு மணிக்கு எழும்பி ஷிப்டுக்குப் போகிற உடம்பு. நடக்கும்போதும் காலுக்குக் கீழே தரை மெல்ல உருண்டுகொண்டு போகும். ஒரு மரத்தைக் கண்டால் பஸ் தரிப்பிடம் மாதிரித் தெரியும். வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். தண்ணீருக்கு மேல் பனிப்புகார் கிடக்கும். படகுவீடுகளின் தகரக் குழாய்களில் இருந்து விறகுப் புகை வரும். குப்பை எரிக்கிற ஆலையின் புகைபோக்கி பாதி வானத்துக்குள் காணாமல் போயிருக்கும். தூரத்தில் பெரிய றோட்டின் இரைச்சல், கேட்டுக்கொண்டே இருந்தால் கடல் மாதிரி. நீர்த்தேக்கத்தின் கரைச் சரிவில் செம்மறியாடுகள் மேயும். லண்டனுக்குள் செம்மறியாடு. முதல்நாள் அதைப் பார்த்தபோது நித்திரையில் நடக்கிறேனோ என்று என் கையை நானே கிள்ளினேன்.

என் பக்கத்தில் நடந்தவன் சிரித்தான். "உண்மையான ஆடுதான் அன்ரி. நானும் முதல்நாள் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினனான்."

அவன்தான். உங்கள் படத்தில் நிற்கிறவன். பத்தொன்பது வயது. மின்வேலை படிக்கிறான். நெட்டையன், பாலத்துக்குக் கீழே போகும்போது தேவையில்லாமல் குனிவான். அவன் என்னோடு கதைத்தது எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவன் எங்கள் தமிழில்தான் கதைக்கிறான். எப்போது அப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. இப்போது அவன் குரலை ஆங்கிலத்தில் கொண்டுவரப் பார்த்தாலும் வருகுதில்லை.

"ஏன் அன்ரி இவ்வளவு கெதியா நடக்கிறியள்? பஸ் விட்டிட்டுப் போயிடுமோ?"

"நான்தான் பஸ். நான் போகாட்டிப் பஸ்ஸும் போகாது."

"அப்ப கொஞ்சம் நிண்டு ஆக்களை ஏத்துங்கோவன்."

இப்படித்தான் எங்கள் கதை தொடங்கியது.

அவன் கைகளை வைத்து ஒன்று சொல்லவேண்டும். மற்றப் பெடியள் குளிரில் கைகளை உள்ளே விட்டுக்கொண்டு நடப்பார்கள். இவன் மட்டும் இரண்டு கைகளையும் தொங்க விட்டுக்கொண்டு நடப்பான். விரல் மூட்டெல்லாம் குளிரில் வெடித்திருக்கும். பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது.

"கையுறை இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப போடன். இல்லாட்டிப் பொக்கெற்றுக்குள்ள விடு."

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்னம் ஒன்று எங்களோடு சேர்ந்து தண்ணீரில் வந்துகொண்டிருந்தது.

"பத்து வயசில அம்மா சொன்னவ, அன்ரி. கடையிலயும் றோட்டிலயும் கை ரெண்டும் வெளியில தெரியவேணும் எண்டு. பொலிஸ் நிப்பாட்டினால் முதல்ல கையைத்தான் பாப்பாங்கள். கையுறை போட்டால் ஏன் கையுறை எண்டு கேப்பாங்கள்."

 எனக்குப் பதினெட்டு வயதில், ஊரில் ஆமிச் சென்றிக் காவலரணுக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, என் கைகள் ஹாண்டிலில் எப்படி இருக்கவேண்டும் என்று என் அம்மாவும் சொல்லித்தான் அனுப்பினா. அதை அவனிடம் அடுத்த பாலம் வர முன்னம் சொன்னேன். அவன் நின்று என்னைப் பார்த்தான். முகத்தைப் பார்க்காமல் நடக்கிற வழக்கத்தை அவன் மீறியது அந்த ஒருநாள்தான்.

"உங்களையுமோ?" என்று கேட்டான்.

"எங்களையும்தான்."

அதற்குப் பிறகு பாலத்தடி வந்தது. ஆள் மாறினோம். அவனை முன்னால் அனுப்பிவிட்டு நேர்ஸ் வேலை செய்கிறவரோடு நடந்தேன். அவர் என்ன சொன்னார் என்று ஒரு சொல்லும் ஞாபகமில்லை. முன்னால் போகிற பெடியனின் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். இந்தப் பெடியளுக்கு நாங்கள் வீட்டுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரியும், இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை நானும் சொன்னவள்தான். முப்பது வருடம் அவர்களை என் பஸ்ஸில் ஏற்றி இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதைச் சொன்னவள். ஒருநாள் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல் தானாக என் நினைப்பில் வந்தது. பக்கத்தில் அவன் ஆடுகளைப் பார்த்து ஏதோ பாடிக்கொண்டு வந்தான். எனக்கு வாய்க்குள் மண் விழுந்த மாதிரி இருந்தது. அன்றோடு விட்டேன்.

அவனுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டான். முன்னம் எங்கே வேலை செய்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். எங்கேயும் செய்யவில்லை. முதல் வேலை தருகிறவன் ஒருவன் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் கடைகளிலும் பெற்றோல் செட்டுகளிலும் யாராவது விண்ணப்பப் படிவம் நிரப்பி வேலைக்குப் போயிருக்கிறானா? ஒரு போன் போதும். "யாற்ற பெடியன்?" என்று கேட்பார்கள். ஒருவர், "நான் பொறுப்பு," என்றால் முடிந்தது. திங்கட்கிழமை அவன் அங்கே நிற்பான். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் இந்த நாட்டில் கால் ஊன்றினோம்.

எனக்குத் தெரிந்த பெற்றோல் செட் முதலாளி ஒருவன் இருக்கிறான். என்னைவிட இளையவன். அகதியாக வந்திறங்கிய நேரம் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு மாதம் படுத்தவன். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"யாற்ற பெடியன் அக்கா?"

"எங்கட ஆக்களில்லை. கறுப்பினப் பெடியன்."

போனுக்குள் காசுப் பெட்டியை அடித்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு விசரே?"

"விசர்தான். இல்லாட்டி இந்த வயசில பஸ் ஓட்டுவனே? உனக்கு முதல் வேலை தந்தது ஆர் சொல்லு பாப்பம்."

அவனுக்கு முதல் வேலை கொடுத்தது ஒரு பாகிஸ்தான்காரர். அது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பெருமூச்சு விட்டான்.

"சரி. நீங்கள் பொறுப்போ?"

"ஓம். நான் பொறுப்பு."

அந்தத் திங்கட்கிழமையே அவன் வேலைக்குப் போனான். மூன்றாம் கிழமை முதலாளி எனக்குப் போன் எடுத்தான். 

"அக்கா, ஒரு பிரச்சினை."

"என்ன?"

"உங்கட பெடியன் எனக்கு முன்னமே வந்து நிக்கிறான். நான் பிந்தினால் மணிக்கூட்டைப் பாக்கிறான். என்ர செட்டில எனக்கே மரியாதை இல்லை அக்கா."

அன்று பஸ் ஓட்டும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தரிப்பிடத்தில் ஏறிய கிழவர் ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்துபோய்ப் பின்சீட்டுக்குப் போனார்.

நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. மண்டபத்துக்கு வெளியே இருக்கிற கொட்டிலில் இருந்து பெரிய சமையல் கிடாரங்களைத் தூக்கி உள்ளே கொண்டுவர வேண்டும். எங்கள் பெடியள் ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் ரியூஷன். நடை முடிந்தபிறகு இவனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு வந்தான். கொட்டில் சாவி உள்ளே இருந்தது. அவனைப் பின்கதவடியில் நிற்கச் சொன்னேன். அவன் வழமைபோலக் கைகளைத் தொங்க விட்டுக்கொண்டு நின்றான். காற்று குப்பைத் தொட்டி மூடிகளைத் தூக்கித் தூக்கி அடித்தது.

நான் சொன்னேன்: "இது எங்கட இடம். இஞ்ச ஒருத்தரும் உன்ர கையைப் பாக்கமாட்டினம். உள்ளுக்கு விடு, குளிருது."

சிரித்துக்கொண்டு விட்டான்.

அதுதான் உங்கள் படம், அண்ணை. அவன் கைகள் ஏன் உள்ளே இருக்கின்றன என்று உங்கள் படத்தில் தெரியாது. நான் சொல்லித்தான் அவன் உள்ளே விட்டான். பத்து வயதில் தாய் சொன்னதை, என்னை நம்பி, ஒரு இருபது நிமிடத்துக்கு விட்டான்.

அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் போகவில்லை? உள்ளே கும்பம் வைக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். "ஆர் உவர்?" என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். கடலை எத்தனை மணிக்கு ஊறப்போடுவது என்று பொருளாளரின் மனைவி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டா. உங்கள் பிழையை நான் எழுதுகிறேன் என்றால் என்னுடையதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவன் கிடாரங்களைத் தூக்கினான். இரண்டு பேர் தூக்குவதைத் தனியாகத் தூக்கினான். நீங்கள் இறங்கி வந்து உள்வாசலில் நின்று, "தாங்க்யூ, தாங்க்யூ, ஸ்ட்ரோங் மேன்," என்று அவன் தோளில் தட்டினீர்கள். அவனுக்கு வடை கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். செத்தல் மிளகாயைக் கடித்துவிட்டு அவன் கண்ணில் நீர் வழியச் சிரித்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்த நேரம் அவனுடைய படம் குழுவுக்குப் போய் முப்பத்தெட்டு நிமிடம். நேரத்தைப் பிறகு பார்த்தேன்.

நான் அன்று பின்னேரம்தான் போனைத் திறந்தேன். உங்கள் எச்சரிக்கைக்குக் கீழே கைகூப்பிய படங்கள், நன்றிகள். "நல்ல வேலை செய்தியள் அண்ணை." "பொலிசுக்குச் சொல்லுங்கோ." கிடாரம் தூக்கினவனைக் கண்ணால் கண்டு, அவனுக்குத் தட்டில் வடை போட்டுக் கொடுத்தவர்களும் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்கும் அது அவன்தான் என்று தெரியவில்லை. ஜம்பர்த் தொப்பியைக் கழற்றியவுடன் அவர்களுக்கு அவன் வேறு ஆள்.

நான் பதில் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். நவராத்திரி நேரம், சண்டை வேண்டாம், இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். வாய் நீளமானவள் என்று பெயர் எடுத்த நான், வாய் தேவைப்பட்ட ஒரே ஒருநாள் மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் மறக்கவில்லை. படம் போன் போனாக நடந்தது. இரண்டாம் நாள் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் இருக்கிற என் மச்சாள் எனக்கே அதை அனுப்பினா: "உங்கட பக்கம்தானே, கவனமாயிருங்கோ." அதற்குள் எழுத்து மாறியிருந்தது. "எட்மண்டனில் கோயிலுக்குப் போறவையைப் பின்தொடர்கிறவன்." நாலாம் நாள் தெற்கு லண்டன் சட்டனில் இருக்கிற ஒருத்தியிடம் இருந்து வந்தது. அதில் அவன் வீடு உடைக்கிறவனாகி இருந்தான். அவன் ஒரு அடியும் நகரவில்லை. அதே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பெரிய கள்ளன் ஆகிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் பெற்றோல் செட் முதலாளி போன் எடுத்தான்.

"அக்கா, என்ர மனிசி ஒரு படம் காட்டினவ."

"அது நான் கூட்டிக்கொண்டு போனது. கிடாரம் தூக்க."

"எனக்கு அவனைத் தெரியும் அக்கா. நான் நம்புறன். ஆனா கடைக்கு வாற சனம் எல்லாம் எங்கட ஆக்கள். ரெண்டு பேர் நேரா வந்து கேட்டிட்டினம். கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

"நான் பொறுப்பெண்டு சொன்னனான் எல்லோ?"

"நீங்கள் ஒரு ஆள் அக்கா. அங்காலப் பக்கம் முழுச் சங்கம்."

அடுத்த சனிக்கிழமை அவன் நடைக்கு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பனிப்புகார் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. கால்வாய் எங்கே முடிந்து கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகுகள் வெள்ளைக்குள் தொங்கின. ஆடுகளின் சத்தம் மட்டும் வந்தது, ஆடுகள் இல்லை. அந்த வெள்ளைக்குள் இருந்து நெட்டையாக ஒரு உருவம் வந்து என் பக்கத்தில் சேர்ந்து நடந்தது. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"படம் வடிவாத்தான் வந்திருக்கு அன்ரி," என்றான். "நல்ல கமரா போல."

நான் நடையைக் குறைத்தேன்.

"முதலாளி படத்தைக் காட்டினவர். எழுத்தை வாசிக்கமாட்டன் எண்டிட்டார். நீங்கள் வாசியுங்கோ."

"வேண்டாம்."

"என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கு. எனக்குத் தெரியவேணும்."

போனை எடுத்து வாசித்தேன். முதலில் தமிழில். பிறகு ஆங்கிலத்தில். "நோட்டம்" என்பதற்குச் சொல் தேடவேண்டி இருந்தது. களவுக்கு முன்னம் பார்க்கிற பார்வை என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான், பாடம் கேட்கிற மாதிரி.

"நான் அப்ப உங்கட கதவில இருந்த பூ மாலையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றான். "எப்பிடிக் கட்டுறவை எண்டு யோசிச்சுக்கொண்டு."

 எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கு முன்னால் யாரோ நடப்பது மாதிரிக் கேட்டது. எவ்வளவு தூரம் நடந்தோம் என்று தெரியாது. அந்தப் பாலம் வராமலே போய்விடும் போலிருந்தது. வந்தது. முறைப்படி ஆள் மாறவேண்டும். அவன் மாறாமல் நின்றான்.

"எனக்கு வேலை திரும்ப வேணும் அன்ரி. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த ஆள் எல்லாருக்கும் தெரியத்தானே சொன்னவர். எல்லாருக்கும் தெரிய மாத்திச் சொல்லட்டும்."

பிறகு போனான். அடுத்த பாலம்வரை என் பக்கத்தில் டிப்போக்காரர் நடந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நான் இந்தக் கோபத்தைப் பதினைஞ்சு வயசில இருந்து பாவிக்கிறன்," என்றார். "தேஞ்சு போச்சு. உன்னட்டைப் புதுசா இருக்கு. இனி நீ பாவிச்சுக்கொள்."

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும். தேத்தண்ணி தந்தீர்கள், நான் குடிக்கவில்லை.

"தங்கச்சி, நான் பெயர் போடேல்லைத்தானே," என்றீர்கள். "பொதுவாப் போட்டது. எங்கட சனத்தின்ர வீடுகள் எத்தனை உடைபட்டது. நகை எத்தனை போனது."

உண்மை. என் வீடும் உடைபட்டது. என் தாலிக்கொடி போனது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பொலிசுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் மாடிச் சன்னலில் இருந்து பார்க்கத் தெரிந்துவிட்டது.

"சரி, அழிச்சுவிடுறன்," என்று எனக்கு முன்னாலேயே அழித்தீர்கள். இல்ஃபோர்டிலும் சட்டனிலும் அது அழியவில்லை. "பெற்றோல் செட் தம்பியோட தனிய ஒருக்காக் கதைக்கிறன்," என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். மைக்கில் சொல்லுங்கள் என்றேன். "ஒரு வெளிப் பெடியனுக்காகச் சங்கத்தின்ர மரியாதையை ஏன் தங்கச்சி இழுக்கிறாய்?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை. பாவம் பார்த்துக் கேட்டீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்குதில்லை.

பெற்றோல் செட் முதலாளியோடும் கதைத்தேன். இடத்துக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை. பொதுக்கூட்டம்வரை வைத்திருப்பானாம். "சங்கம் எல்லாருக்கும் முன்னால ஒரு சொல் சொன்னால் அடுத்தநாளே எடுக்கிறன் அக்கா. இல்லாட்டி என்னால ஏலாது," என்றான். அவனில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவன் உள்ளதைச் சொன்னான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். முன்னூறு பேர் வருவார்கள். அந்தப் பெடியன் தன் தாயோடு வந்து முன்வரிசையில் இருப்பான். நான் இரண்டு பேருக்கும் பக்கத்தில் இருந்து, நீங்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லுவேன். நன்றியுரைக்குப் பிறகு அல்ல, சாப்பாட்டு வரிசையில் அல்ல, தலைமையுரையில் சொல்லுங்கள். படத்தை எடுத்தது யார்? அந்த இருபது நிமிடத்தில் அவன் செய்த குற்றம் என்ன? தோளில் தட்டி வடை கொடுத்த பிறகும் அந்த எழுத்தை ஏன் விட்டு வைத்தீர்கள்? மைக்கைப் பிடித்து, அவனையும் தாயையும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள், அண்ணை.